வலையா, தலையா? டியூடர் இங்கிலாந்தின் காக ஒழிப்புச் சட்டங்கள்: ஒரு மறுவாசிப்பு

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் காகங்களைக் கட்டுப்படுத்திய வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1566-ஆம் ஆண்டில் நின்றுகொண்டுதான் பேசத் தொடங்குகிறார்கள். முதலாம் எலிசபெத்தின் எட்டாம் ஆட்சியாண்டில் வந்த தானியப் பாதுகாப்புச் சட்டம் காகத் தலைக்கு விலை வைத்தது. பணம் கொடுத்த ஊர்கள் கணக்கு எழுதின. அந்தக் கணக்குகள் இன்றும் கிடைக்கின்றன. பறவைப் பாதுகாப்புப் பணியில் நெடுங்காலம் இருந்த ரோஜர் லவ்குரோவ் 2007-இல் வெளியிட்ட 'சைலண்ட் ஃபீல்ட்ஸ்' இந்தக் கணக்கேடுகளின்மீது எழுப்பப்பட்ட நூல். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் (ஒரு தேவாலயத்தின் ஆளுகைக்குட்பட்ட ஊர்ப்பிரிவுகளின்) ஏடுகளை அவர் திரட்டினார். எந்த ஊரில் எந்த உயிர் எத்தனை கொல்லப்பட்டது என்பதை அவ்வளவு விரிவாக அவருக்கு முன் யாரும் காட்டியதில்லை.

அந்த உழைப்பு எனக்கும் துணையாக இருந்தது. பருந்து, முள்ளெலி, நீர்நாய் ஆகியவற்றைப் பொறுத்தவரை அவருடைய வாசிப்போடு எனக்குப் பிணக்கில்லை. காகத்தில்தான் மாறுபடுகிறேன். 1532-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியும் அவர் எழுதுகிறார். ஆனால் அது 1566-க்கு ஒரு முன்னுரை போலவே நூலில் நிற்கிறது. பங்குக் கணக்கில் எழுதப்பட்ட தலைகளே நடந்ததற்கு அளவுகோல் என்ற எண்ணம் நூல் முழுவதும் ஓடுகிறது. கணக்கேடுகள் முழுமையானவை அல்ல என்பது அவருக்கும் தெரியும். அங்கங்கே தாள் கிழிந்திருப்பதையோ சில ஆண்டுகள் விடுபட்டிருப்பதையோ நான் சொல்லவில்லை. காகத்தைப் பொறுத்தவரை முக்கியமான ஒரு பகுதி அந்த ஏடுகளுக்குள் வரவே வழியில்லை என்பதுதான் என் வாதம்.

1532-இல் வந்த எட்டாம் ஹென்றியின் அந்தச் சட்டம் சொல்வதை நெருங்கிப் பார்க்க வேண்டும். ரூக், காகம், சஃப் என்னும் மூன்று பறவைகளை அது பெயர் சொல்கிறது. ரூக் நம் ஊரில் இல்லாத காக இனம். உயர்ந்த மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டும், கூட்டமாகவே வயலில் இறங்கும். சஃப் என்று அன்றைய மக்கள் சொன்னது இன்றைய செவ்வலகுச் சஃபையா, ஜாக்டா என்னும் சிறு காகத்தையா என்பது முடியாத விவாதம். உள்நாட்டு விளைநிலத்தைப் பற்றிய சட்டம் என்பதால் ஜாக்டாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இப்பறவைகள் தானியத்தை அழிப்பதோடு வீடு, களஞ்சியம், வைக்கோற்போர் ஆகியவற்றின் கூரைவேய்ச்சலையும் பிய்த்துப் போடுகின்றன என்று சட்டத்தின் முகப்புரை புகார் சொல்கிறது. கூரையைப் பற்றிய இந்தப் புகாரை ஆய்வாளர்கள் எளிதாகக் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. வயலின் நட்டம் உழுகிறவனுக்கு; கூரையின் நட்டம் ஊருக்கே. அதனால்தான் பரிகாரமும் ஊர்ப் பரிகாரமாக வருகிறது.

குறைந்தது பத்துக் குடும்பங்கள் வாழும் ஒவ்வோர் ஊரும் காகம் பிடிக்கும் வலை ஒன்றைச் செய்து வைத்திருக்க வேண்டும். வலை பழுதானால் புதுப்பிக்க வேண்டும். பதர் முதலியவற்றைத் தூவிச் செப்பனிட்ட இரையிடத்தில், தக்க பருவத்தில் அதை விரிக்க வேண்டும். இந்தக் கடமை பத்து ஆண்டுகளுக்கு. வலை இல்லாத ஊருக்குப் பத்து ஷில்லிங் அபராதம். இதோடு தனியாகப் பிடிக்கிறவர்களுக்கும் ஒரு வழி இருந்தது: பன்னிரண்டு முதிர்ந்த பறவைகளுக்கு இரண்டு பென்னி. அதைக் கொடுக்க வேண்டியவர் நிலத்தின் உடையவரோ, அனுபவிப்பவரோ. தேவாலயப் பங்கு அல்ல.

லவ்குரோவின் அளவுகோல் இந்த இடத்தில்தான் உதவாமல் போகிறது. 1532-இன் ஏற்பாட்டில் பணம் நிலக்காரன் கையிலிருந்து பிடித்தவன் கைக்கு நேரே போகிறது. வலை இல்லாத குற்றம் நிலப்பிரபுவின் பண்ணை நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுகிறது. இரண்டிலும் பங்கு நிர்வாகிக்கு எழுத எதுவுமில்லை. ஆகவே 1566-க்கு முந்தைய பங்கு ஏடுகளில் காகம் அரிதாக இருப்பதைக் கொண்டு, முதல் சட்டத்துக்கு ஊர்கள் செவிசாய்க்கவில்லை என்று சொல்ல முடியாது. எலிசபெத் காலத்துப் பண்ணை நீதிமன்றச் சுருள்களைப் பிரித்தால், இன்ன ஊரில் வில்பயிற்சி மேடு இல்லை என்ற முறையீட்டின் பக்கத்திலேயே காக்கை வலை இல்லை என்ற முறையீடும் வருகிறது. 1566-க்குப் பிறகும் வருகிறது. எலிசபெத்தின் சட்டம் ஹென்றியின் சட்டத்தைத் தூக்கி எறியவில்லை, அதற்குப் புத்துயிர் கொடுத்தது. அப்படியானால் தலைக்கூலியும் ஊர்வலையும் பக்கத்துப் பக்கத்தில், இரு வேறு ஆவணங்களில், ஒன்றையொன்று அறியாமல் நடந்திருக்கின்றன.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் சட்டத்தை 1532 என்று குறிப்பதே வழக்கம். நானும் அதையே பின்பற்றுகிறேன். ஆனால் அது நிறைவேறிய நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நம் கணக்கில் 1533 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடந்தது. அன்று இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். பத்தாண்டுக் கெடு எந்த நாளிலிருந்து எண்ணப்பட்டது என்று ஊர்கள் புரிந்துகொண்டன என்பதை உறுதியாகச் சொல்ல வழியில்லை. கெடு 1543 வாக்கில் தீர்ந்திருக்க வேண்டும். அதற்கும் 1566-க்கும் நடுவே இருபது ஆண்டுகளுக்குமேல் இடைவெளி. அந்தக் காலத்தில் ஊர்வலைகள் களஞ்சியத்து மூலையில் மக்கிப்போயினவா, பழக்கத்தால் தொடர்ந்து விரிக்கப்பட்டனவா என்பதைச் சட்டத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. தொடர்ந்தன என்றே நினைக்கிறேன். அறவே அற்றுப்போன கடமைக்கு, புதிதாக விளக்கம் ஏதும் தராமல் இருபதாண்டுகள் கழித்து உயிரூட்டுவது சட்டம் எழுதுகிறவர்களின் வழக்கமல்ல.

கூலியின் அளவையும் சரியாகப் படிக்க வேண்டும். 1532-இல் ஒரு பென்னிக்கு ஆறு முதிர்ந்த காகங்கள். 1566-இல் ஒரு பென்னிக்கு மூன்று. கூலி இரட்டிப்பானதைப் பார்த்து, அரசு காகப் போரைத் தீவிரப்படுத்தியது என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் இடையில் 1544 முதல் 1551 வரை வெள்ளி நாணயத்தில் செம்பு கலந்த பெருங்கலப்படம் நடந்தது. விலைவாசி பெருமளவு ஏறிவிட்டிருந்தது. அதைக் கழித்துப் பார்த்தால் கூடுதலாகக் கிடைத்தது கொஞ்சம்தான். உண்மையில் மாறியது கொடுப்பவர். இனி ஊர் முழுவதும் வரி செலுத்தும். நிர்வாகிகளும் அவர்களோடு நியமிக்கப்படும் ஆறு பேரும் அந்த வரியை விதிப்பார்கள். பொதுப் பணம் என்றவுடன் சாட்சி தேவைப்படுகிறது. கொண்டுவந்த தலைகளை நிர்வாகிகளின் கண்முன்னே எரிக்கவோ, அழிக்கவோ, இரண்டாக வெட்டவோ வேண்டும் என்று சட்டம் சொல்வது ஒரே தலைக்கு இரண்டு ஊர்களில் கூலி வாங்காமல் இருக்கத்தான். இந்தத் தலைக்கணக்கு பண மோசடியைத் தடுக்கப் பிறந்தது. பறவையின் தொகையை அறிய அல்ல.

அதே சட்டம் ஆறு குஞ்சுகளுக்கும், உடையாத ஆறு முட்டைகளுக்கும் ஒரு பென்னி என்று நிர்ணயிக்கிறது. மரம் ஏறத் தெரிந்த பையன் ஏப்ரல் மாதத்தில் ஒரு ரூக் கூட்டத்தின் மரங்களில் ஏறி இறங்கினால் போதும். வலையோ பதரோ மறைவிடமோ வேண்டியதில்லை. கணக்கேட்டில் 'காகத்துக்கு ஒரு பென்னி' என்று இருப்பதைக் காணும்போது அது எப்படிப் பிடிக்கப்பட்டது, எந்தப் பருவத்தில், எந்த வயதுப் பறவை என்பவை நமக்குத் தெரிவதில்லை. இவை தெரியாமல் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசவே முடியாது என்பது என் நிலைப்பாடு.

அந்த வலை எப்படி இருந்தது? சட்டம் அதை வருணிக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்த பொருள் என்று விட்டுவிடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் வேட்டை அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும் 'காக்கை வலை' என்ற தலைப்பில் தரும் செய்முறை விவரமானது. இரட்டை நூலிலோ மெல்லிய சணல் கயிற்றிலோ பின்னியது. கண் இரண்டு அங்குலம். நீளம் பத்து கஜம், அகலம் மூன்று கஜம். ஓரங்களில் வலுவான கயிறு கோத்து, நீண்ட கழிகளில் விறைப்பாகக் கட்டுவார்கள். கீழ்விளிம்பு தரையோடு பொருந்தியிருக்கும், அசைய மட்டும் இடம் விட்டு. மேல்விளிம்பு நீண்ட கயிற்றில் நிற்கும். கயிற்றின் ஒரு முனை வலையிலிருந்து ஐந்து கஜம் தள்ளி முளையடித்திருக்கும். மறுமுனை குறைந்தது இருபத்தைந்து கஜம் போய்ப் புதருக்குள்ளோ வேலிக்குப் பின்னாலோ பதுங்கியிருப்பவன் கையில் முடியும். பறவைகள் இரையில் இறங்கியதும் ஒரே இழுப்பு. தயங்கி இழுத்தால் பறவை முந்திவிடும் என்று எச்சரிக்கையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். புதிதாக விதைத்த வயல், அரிதாள் நிலம், பனிக்காலத்தில் களஞ்சிய வாசல் இவையே இடங்கள்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பிந்தைய செய்முறையை டியூடர் காலத்துக்குக் கொண்டுபோவதில் ஆபத்து உண்டு. பதர் தூவிய இரையிடம் இரண்டிலும் பொதுவாக இருப்பதால், அடிப்படைப் பொறி ஒன்றே என்று துணிகிறேன். அப்படியானால் இது பசியைக் கொண்டு பிடிக்கும் வலை. வயலில் புழு கிடைக்கும் நாளில் ரூக் பதரைத் தேடி வராது. நிலம் உறைந்த நாளில்தான் வரும். அந்த நாட்களில் இறங்குவது ரூக்கும் ஜாக்டாவும் கலந்த குளிர்காலக் கூட்டம். கிழக்கு மாவட்டங்களில் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த ரூக்குகளும் அதில் இருக்கும். அவற்றில் நூற்றைப் பிடித்தாலும், வசந்தத்தில் அந்த ஊர் மரத்தில் கூடு கட்டப்போகும் இணைகளில் எத்தனை குறையும்? மிகக் கொஞ்சமே என்பதுதான் என் கணிப்பு. இதற்கு நேரடிச் சான்று கிடையாது. பறவையின் பழக்கமே சான்று.

எதிர்த்திசையிலிருந்து ஓர் ஒப்பீடு இதைத் தெளிவாக்கும். 1950-களில் டென்மார்க்கில் லார்சன் என்ற வேட்டைக்காவலர் உருவாக்கிய கூண்டுப்பொறி 1980-களின் இறுதியில் பிரிட்டனுக்கு வந்து பரவியது. மரச்சட்டமும் கம்பிவலையும் கொண்ட சிறு கூண்டு. ஓர் அறையில் உயிருள்ள பார்வைக் காகம். மற்ற அறைகளில் சுருள்வில் பூட்டிய கதவும், கால் வைத்ததும் சரியும் பிளந்த கோலும். வேட்டைக்காரர் பார்வைப் பறவை வைத்துப் பிடிக்கும் அதே உத்தி. ஆனால் இதில் வேலை செய்வது பசி அல்ல, எல்லைக் காவல். வசந்தத்தில் தன் எல்லைக்குள் அந்நியக் காகத்தைக் கண்ட இணை, அதை விரட்ட இறங்கி மாட்டிக்கொள்கிறது. பிடிபடுவது கூடு கட்டும் பறவையே. எண்ணிக்கையில் சில, விளைவில் பெரிது. பார்வைப் பறவைக்குத் தீனி, தண்ணீர், நிழல், உட்காரக் கோல் வைக்க வேண்டும், கூண்டை நாள்தோறும் பார்க்க வேண்டும் என்று, இப்படிப் பிடிக்க அனுமதி தரும் பொது உரிமங்கள் நிபந்தனை விதிக்கின்றன. 2019 ஏப்ரலில் ஒரு சட்டச் சவாலையடுத்து இங்கிலாந்தின் அந்த உரிமங்களில் மூன்று திரும்பப் பெறப்பட்டபோது நாட்டுப்புறத்தில் எழுந்த கொந்தளிப்பு, பொறியின் வகையும் பருவமும் எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டியது.

கூடு கட்டும் பறவையைத்தான் குறிவைக்க வேண்டும் என்பதை ஸ்காட்லாந்து முன்னரே கண்டிருந்தது. முதலாம் ஜேம்ஸின் 1424-ஆம் ஆண்டுச் சட்டம் வலையும் கேட்கவில்லை, தலையும் கேட்கவில்லை. ரூக் கூடு கட்டிய மரங்களில் மே மாதத் தொடக்கத்துக்குப் பிறகு குஞ்சுகள் பறந்துபோய்விட்டது தெரிந்தால், மரம் மன்னனுக்கு; உடையவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். கூட்டைக் குறிவைத்த அந்தச் சட்டத்தைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று தயக்கமின்றிச் சொல்லலாம். ஹென்றியின் வலையை வயற்காவல் என்பதே பொருந்தும். 1566-இன் முட்டை, குஞ்சுக் கூலி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

பங்குக் கணக்கு சரியான அளவுகோல் அல்ல என்பதைச் சிட்டுக்குருவியின் கதையும் வலுப்படுத்துகிறது. 1566 பட்டியலில் அது இல்லை. இருந்தும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பங்கு ஏடுகளில் குருவித் தலைகள் குவிகின்றன. ஊர்கள் சட்டத்தைப் பார்த்துச் செலவிடவில்லை, தங்கள் வயலைப் பார்த்துச் செலவிட்டன. ஆகவே ஓர் ஏட்டில் காகத் தலைகள் குறைவாக இருந்தால், அங்கே காகம் குறைவு என்றோ, கொல்லப்படவில்லை என்றோ பொருளில்லை. வேறொரு வழியில் அது பிடிக்கப்பட்டிருக்கலாம்.

ஊர்ப் பொறுப்பாக இருந்த காக்கை வலை எப்போது கைவிடப்பட்டது என்பதற்கு ஓர் ஆண்டைச் சொல்ல முடியவில்லை. எலிசபெத்தின் சட்டம் 1598-இல் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் பண்ணை நீதிமன்றங்கள் நலிந்தபோது, வலையைக் கேட்க ஆளில்லாமல் போயிருக்கும். கலைக்களஞ்சியங்கள் எழுதப்பட்ட காலத்தில் அதே வலை குளிர்காலத்தில் பறவை பிடிக்கும் தனியாளின் கருவியாகிவிட்டது. புறாவுக்கும் பயன்படும் என்று சேர்த்து எழுதுகிறார்கள். பதினேழாம் நூற்றாண்டின் முற்பாதியே திருப்பம் என்று நான் கருதுகிறேன். கிழக்கு மாவட்டங்களின் நீதிமன்றச் சுருள்களில் காக்கை வலை முறையீடு கடைசியாக எந்த ஆண்டில் வருகிறது என்பதைத் தொடர்ச்சியாகப் பார்த்தால், அந்தக் கணிப்பு முப்பது ஆண்டுகள் முன்னோ பின்னோ நகரக்கூடும்.