கரி, கம்பி, குட்ஷெட்

2019-ஆம் ஆண்டு ஜூலை 12. சென்னையின் ஏரிகள் வறண்டு தரை வெடித்துக் கிடந்த கோடை அது. ஜோலார்பேட்டையில் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஒரு கூட்ஸ் வண்டி வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. தொலைக்காட்சிக் கேமராக்கள் கூட்ஸ் வண்டி ஒன்றுக்காகக் காத்திருந்தது தமிழ்நாட்டில் அபூர்வம். மற்ற நாள்களில் நமக்கு அது லெவல் கிராசிங்கில் வழிமறிக்கும் தொல்லை; நாம் போகும் வண்டிக்கு வழிவிட்டு லூப் லைனில் ஒதுங்கி நிற்கும் ஏழை உறவினர்.

அந்த ஏழை உறவினரின் சம்பாத்தியத்தில்தான் குடும்பம் நடக்கிறது. இந்திய ரயில்வேயின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரக்குக் கட்டணம். பயணச்சீட்டு விலை பயணச் செலவில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. மிச்சத்தைச் சரக்கு ஈடுகட்டுகிறது. 2023-24-இல் ரயில்வே ஏற்றிய சரக்கு சுமார் 159 கோடி டன். அதில் பாதியளவு நிலக்கரி. ஆக, மதுரைக்கோ மன்னார்குடிக்கோ நாம் மலிவாகப் போய்வர முடிவதற்கு, எங்கோ ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் வெட்டப்படும் கரி கைகொடுக்கிறது. இந்த முடிச்சைப் பிடித்துக்கொள்ளாமல் ரயிலும் கரியுமிழ்வும் பற்றிப் பேசும் எந்தப் பேச்சும் பாதி வழியில் நின்றுவிடும்.

இந்தியாவின் முதல் மின்ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. சென்னைக் கடற்கரை - தாம்பரம் மீட்டர் பாதைக்கு மின்சாரம் 1931-இல் வந்தது. இரண்டும் பயணிகளுக்காகப் பிறந்தவை. சரக்கின் கதை வேறு. 1957-இல் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம் என்ற முறையை இந்தியா தேர்ந்தெடுத்தது. பிரெஞ்சு ரயில்வே ஆலோசனை சொன்னது. அந்த முறையில் முதலில் கம்பி இழுக்கப்பட்ட இடங்களில் ஒன்று ராஜ்கர்சவான் - டங்கோவாபோசி என்னும் இரும்புத்தாதுப் பாதை. கனத்த சுமையை மேட்டில் இழுக்க நீராவியைவிட மின்சாரம் தோதானது என்பதே காரணம். புவி வெப்பம் என்ற சொல் அன்று எந்தக் கோப்பிலும் இருந்திருக்காது. பின்னாளில் கம்பியை நீட்டியதிலும் முதல் கவலை, டீசலுக்காக வெளியேறும் அந்நியச் செலாவணிதான். எஞ்சியிருந்த அகலப்பாதை முழுவதையும் மின்மயமாக்க மத்திய அமைச்சரவை 2018 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. இன்று 99 விழுக்காடு முடிந்துவிட்டது. உலகின் பெரிய ரயில்வேக்களில் இவ்வளவு விரைவாக இதைச் செய்தவை அரிது. பாராட்டைக் கஞ்சத்தனமாகச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பியில் வருவது என்ன என்பது அடுத்த கேள்வி. பீகாரின் நபிநகரில் 1,000 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்று இருக்கிறது. தேசிய அனல்மின் கழகத்தோடு ரயில்வேயும் பங்குதாரர். மின்சாரத்தில் பெரும்பகுதி ரயில்வேக்கே. அதாவது ரயில் கரியைச் சுமந்துபோய்க் கொடுக்கிறது. அந்தக் கரி எரிந்து ரயிலை ஓட்டுகிறது. ரயில் மீண்டும் கரி சுமக்கப் போகிறது. செக்குமாடு சுற்றுவதைப் போன்ற இந்தச் சுற்றுக்குள் 2030-க்குள் நிகரக் கரியுமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் என்ற அறிவிப்பும் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பினாவில் 1.7 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை நேரே ரயில் கம்பியோடு இணைத்துப் பார்த்தார்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயில்பெட்டியைச் சோதித்தார்கள். இவை நல்ல பரிசோதனைகள், அளவில் சிறியவை. டீசல் புகை எஞ்சின் தலையிலிருந்து மின்நிலையப் புகைபோக்கிக்கு இடம் மாறியதில் கொஞ்சம் லாபம் உண்டு. நாட்டின் மின்சாரம் எவ்வளவு வேகமாகச் சூரியனுக்கும் காற்றுக்கும் மாறுகிறதோ அவ்வளவு வேகத்தில்தான் ரயிலும் சுத்தமாகும். அது ரயில்வே அமைச்சகத்தின் கையில் மட்டும் இல்லை.

அப்படி நாடு உண்மையிலேயே மாறிவிட்டால் என்ன ஆகும்? அனல்மின் நிலையங்களுக்குக் கரி குறையும். கரி குறைந்தால் ரயில்வேயின் சரக்கில் பாதி ஆட்டம் காணும். நம் டிக்கெட்டைத் தாங்கிப் பிடிக்கும் தூண் அது. வெற்றி பெற்றால் வருமானம் போகும் என்ற நிலையில் உள்ள துறை, கரி போகும் இடத்துக்கு வேறு சரக்கை இன்றே தேட வேண்டும். அந்தச் சரக்கு லாரியில் போய்க்கொண்டிருக்கிறது. சுதந்திரம் வந்த புதிதில் நாட்டின் சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ரயிலில் சென்றது. இன்று கால்பங்கை ஒட்டி நிற்கிறது. 2030-க்குள் 45 விழுக்காட்டுக்கு உயர்த்துவது தேசிய ரயில் திட்டத்தின் இலக்கு. உருக்குத் தண்டவாளத்தில் உருக்குச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஒரு டன்னைச் சாலையில் கொண்டுபோக ஆகும் எரிபொருளில் சிறு பகுதியே ரயிலுக்குப் போதும். ஆகவே லாரியிலிருந்து ரயிலுக்கு மாறும் ஒவ்வொரு மூட்டையும், எஞ்சின் எதில் ஓடினாலும், புகையைக் குறைக்கிறது. அமெரிக்காவின் சரக்கு ரயில்கள் அநேகமாக முழுக்க டீசலிலேயே ஓடுகின்றன. ஆனாலும் அங்கே நெடுந்தூரச் சரக்கில் ரயிலுக்குப் பெரும்பங்கு உண்டு. நம்மிடம் கம்பி இருக்கிறது, மூட்டை இல்லை.

மூட்டை எங்கே போயிற்று? குட்ஷெட்டில் விசாரிக்க வேண்டும். மதுரையில் குட்ஷெட் தெரு, கோவையில் குட்ஷெட் ரோடு என்று பல ஊர்களில் பெயராகத் தங்கிவிட்ட இடம் அது. ஒரு காலத்தில் வெல்ல மண்டிக்காரரும் மிளகாய் வியாபாரியும் ஒரு வேகனையோ அதில் பாதியையோ பிடித்துச் சரக்கு அனுப்பினார்கள். யார்டுகளில் அந்த வேகன்களைப் பிரித்து, கோத்து, மறுபடி பிரித்து அனுப்புவதற்குள் நாள்கள் ஓடின. காணாமற்போன வேகன்களும் உண்டு. 1980-களில் ரயில்வே ஒரு முடிவுக்கு வந்தது: ஏற்றுமிடத்திலிருந்து இறக்குமிடம் வரை பிரிக்காத முழு வண்டி, அதாவது முழு ரேக். கரிக்கு என்றால் 59 வேகன் வரை, ஏறத்தாழ 4,000 டன். மூடிய வேகனில் சிமெண்டோ அரிசியோ என்றாலும் 2,000 டன்னுக்கு மேல். நிர்வாகக் கணக்கில் அது சரியான முடிவு. அதே வேகன்களில் அதிகச் சரக்கு போயிற்று. ஆனால் 20 டன் மிளகாய் வைத்திருப்பவருக்கு அன்றோடு குட்ஷெட் கதவு மூடியது. அவர் லாரி செட்டுக்குப் போனார். லாரிக்காரர் கடை வாசலில் ஏற்றி, அடுத்த ஊர்க் கடை வாசலில் இறக்கினார். எப்போது வரும் என்று கேட்டால் ஒரு நேரம் சொன்னார். கூட்ஸ் வண்டிக்கு அப்படிச் சொல்ல முடியாது. பாதை கிடைத்தால் புறப்படும், எக்ஸ்பிரஸ் வந்தால் ஒதுங்கும். அதன் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை ஒட்டியே நீண்டகாலம் நின்றது.

கட்டணமும் ஒரு காரணம். பயணியிடம் வாங்க முடியாததை வியாபாரியிடம் வாங்கினால் வியாபாரி சாலைக்குப் போவார் என்பதற்குப் பொருளாதாரம் படிக்க வேண்டாம். சரக்குக் கட்டணத்தை அரசு கொள்கைக் கருவியாகக் கையாண்டது இங்கே பழைய வழக்கம்தான். 1950-களிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை நடைமுறையில் இருந்த சரக்குக் கட்டணச் சமன்படுத்தல் கொள்கையால், சுரங்கத்தின் அருகே கிடைத்த விலைக்கே உருக்கு தொலைதூர மாநிலங்களிலும் கிடைத்தது. பீகாரும் வங்கமும் இழந்ததில் தெற்கும் மேற்கும் பெற்றன. நம் தொழில் வளர்ச்சியின் பெருமையைச் சொல்லும்போது இந்த வரியை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

வேகக் குறைவுக்கு மருந்து, சரக்குக்கென்றே தனிப்பாதை. லூதியானா அருகிலிருந்து சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர் கிழக்குப் பாதை. தாத்ரியிலிருந்து மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டர் மேற்குப் பாதை. இவற்றைக் கட்டுவதற்கான நிறுவனம் 2006-இல் தொடங்கிற்று; மேற்குப் பாதையின் மும்பைப் பக்கத்துக் கடைசித் துண்டு மற்றவை முடிந்த பிறகும் இழுத்துக்கொண்டே போயிற்று. ஆனாலும் அதில் செய்திருக்கும் ஒரு வேலையைப் பொறியாளர்கள் ரசித்துப் பேசுவார்கள். கம்பியைத் தரையிலிருந்து 7.5 மீட்டர் உயரத்தில் கட்டினார்கள். கண்டெய்னர் மேல் கண்டெய்னர் அடுக்கி மின்சாரத்தில் ஓட்டலாம். 2021 ஜனவரி 7 அன்று ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அப்படியொரு வண்டி புது அடேலியிலிருந்து புறப்பட்டது. மற்ற இடங்களில் இரட்டை அடுக்கு என்றால் பெரும்பாலும் டீசல்தான்.

பணத்துக்கு இப்போது பஞ்சமில்லை. அக்வொர்த் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1924-இல் தனியாகப் பிரிந்த ரயில்வே பட்ஜெட் 2017-இல் பொது பட்ஜெட்டோடு சேர்ந்தது. அரசு தந்த முதலுக்கு ரயில்வே ஆண்டுதோறும் கட்டிவந்த பங்காதாயமும் அதோடு நின்றது. 2013-14-இல் 30 ஆயிரம் கோடிக்கும் குறைவாக இருந்த பட்ஜெட் ஆதரவு 2024-25-இல் 2.52 லட்சம் கோடி ரூபாய். அதே சமயம் 100 ரூபாய் சம்பாதிக்க 98 ரூபாய்க்கு மேல் செலவாகிறது. சொந்த உழைப்பில் மிஞ்சுவது அநேகமாக ஒன்றுமில்லை என்பதால், எந்தப் பாதை முதலில் என்பதை வண்டியின் வருமானம் தீர்மானிப்பதில்லை; டெல்லி தீர்மானிக்கிறது. புதுப்பித்த நிலையத்தின் முகப்பு படத்தில் நன்றாக விழும். யார்டில் சேர்த்த நான்காவது லூப் லைன் விழாது.

2021-22 பட்ஜெட்டில் மேலும் மூன்று சரக்குப் பாதைகள் சொல்லப்பட்டன. அவற்றில் தெற்கு நோக்கி வந்தவை இரண்டு: காரக்பூரிலிருந்து ஒன்று, இட்டார்சியிலிருந்து ஒன்று. இரண்டும் விஜயவாடாவில் முடிந்தன. திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் பல்முனைச் சரக்குப் பூங்காவுக்கு 2022-இல் அடிக்கல் நட்டார்கள். வாலாஜாபாத்தில் புதுக் கார்களை ரயிலேற்றுகிறார்கள். ஒடிசாவின் கரி பாராதீப்பில் கப்பலேறி எண்ணூரில் இறங்குகிறது. கார் ரேக்கும் அரிசி ரேக்கும் ஆந்திரத்தின் கூடூர் தாண்டிப் பயணிகள் வண்டிகளுக்கு இடையே இன்னும் இடம் பார்த்துத்தான் போக வேண்டும்.

லாரியையே ரயிலேற்றும் வழியும் உண்டு. கொங்கன் ரயில்வே 1999-இல் கோலாடுக்கும் வெர்ணாவுக்கும் இடையே லாரிகளைத் தட்டை வேகனில் ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கியது. மலைப்பாதையில் ஓட்ட வேண்டிய ஓட்டுநர், வேகன் மேல் நிற்கும் தன் லாரியிலேயே கண்ணயர்ந்து போனார். மேற்குச் சரக்குப் பாதையில் இப்போது பாலன்பூரிலிருந்து ரேவாரிக்குப் பால் லாரிகள் அதே மாதிரி வேகனேறிப் போகின்றன. மறுநாள் காலைக் காப்பிக்குள் போய்ச் சேர வேண்டிய சரக்கு அது. ஒரு மணி நேரம் லூப் லைனில் நிறுத்தினாலும் கேள்வி வரும். அதை ஒரு பால்காரர் நம்பி ரயிலில் ஏற்றியிருக்கிறார்.