தட்டாத பொம்மை

ஊரடங்கில் ஜியு-ஜிட்சு வகுப்பு மூடப்பட்டதும் ஒரு பயிற்சிப் பொம்மை வாங்கினேன். ஆள் உயரம், உள்ளே முழுக்கப் பழந்துணி. "இதுக்கும் சேர்த்து சாப்பாடு வைக்கணுமா?" என்று கேட்டார் அம்மா. தினமும் ஆபீஸ் வேலை முடிந்த பிறகு அதன் மேல் ஏறி உட்கார்ந்து கைப்பூட்டுப் போடுவேன். சில மாதங்களிலேயே யோசிக்காமல் பூட்டு விழத் தொடங்கியது.

உயிரில்லாத ஒன்றிடம் பழகுவது இந்தக் கலைக்குப் புதிதல்ல. ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா மரத்தை எதிராளியாக வைத்துக் காலை வாரும் வீச்சைப் பழகியவர். ஆனால் இக்கலையின் நவீன வரலாறு திமிறுகிற மனிதனிடமிருந்துதான் தொடங்குகிறது. பழைய ஜுஜுட்சு பள்ளிகள் பலவற்றில் 'காட்டா' எனும் முன்தீர்மானித்த அசைவுகளே முதன்மை. 1882-இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் கொடோகனைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, 'ரண்டோரி' எனும் கட்டற்ற மோதலை மையத்துக்குக் கொண்டுவந்தார். மிக ஆபத்தானவற்றைக் காட்டாவோடு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை முழு பலத்தோடு மோதிப் பார்க்கலாம். தாங்காவிட்டால் தட்டலாம், தட்டினால் விட்டுவிட வேண்டும். கொடோகனில் பயின்ற மித்சுயோ மயேதா வழியாக இது பிரேசிலுக்குப் போய், கிரேசி குடும்பத்தின் கையில் பிரேசில் ஜியு-ஜிட்சு ஆனது.

1951 அக்டோபரில் ரியோவின் மரகானா அரங்கத்தில் அதே கிமுரா, ஹீலியோ கிரேசியின் கையை முதுகுப்பக்கம் முறுக்கினார். ஹீலியோ தட்டவில்லை. கை உடைந்தது. அவர் தரப்பினர்தான் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அந்தப் பூட்டுக்கு இன்றும் 'கிமுரா' என்றே பெயர்.

வகுப்பு மறுபடி திறந்த அன்று நான் போட்டதும் அதே பூட்டுதான். எதிரில் இருபது வயதுப் பையன். அவன் தட்டினான். நான் விடுவதற்கு அரை நொடி கூடுதலாக ஆகிவிட்டது. "அண்ணா, தட்டினேனே!" என்றான் தோளைப் பிடித்துக்கொண்டு.

போலி சர்வரை வைத்தே டெஸ்ட் செய்து எல்லாம் பச்சை காட்டுகிறது என்று நம்பி, நிஜத்தில் மாட்டிக்கொள்வது என் தொழிலில் சகஜம். பொம்மை எனக்குப் பூட்டைக் கற்றுக்கொடுத்தது. அது ஒருநாளும் தட்டவில்லை என்பதால் விடுவதை நான் பழகவே இல்லை.

மூன்று வாரம் கழித்துத்தான் அந்தப் பையன் வந்தான். முதல் சுற்றில் என் கையை அவனிடம் கொடுத்தேன். நான் தட்டியதுமே விட்டான்.