மன்னனுக்குரியதும் மனச்சான்றுக்குரியதும்



வரி செலுத்துதல் முறையோ என்று வினவியவர்களுக்கு, நாணயத்திற் பொறித்திருந்த உருவத்தைச் சுட்டிக்காட்டி, மன்னனுக்குரியது வேறு, இறைவனுக்குரியது வேறு என்று இயேசுநாதர் உணர்த்திய வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். ஆயினும், அவ்விரண்டினுக்கும் இடையேயுள்ள எல்லை யாது என்பதைக் கிறித்தவர்கள் காலந்தோறும் புதிதாகவே தேடிக் காணவேண்டியிருந்தது. அவ்வெல்லையை நம் இலங்கை மண்ணிலேயே தம் வாழ்வினாற் காட்டியவர் யோசேவாஸ் அடிகளார்.

போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியபோது, கோட்டையும் கோயிலும் ஒன்றாகவே எழுந்தன. உள்ளன்போடு ஞானஸ்நானம் பெற்றோரும் இருந்தனர்; அரசின் தயவை நாடிப் பெற்றோரும் இருந்தனர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. புதிய ஆட்சியாளரும் கிறித்தவரே. ஆனால் சீர்திருத்தச் சபையினர். அவர்கள் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். குருவுக்கு மறைவிடம் அளிப்போருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறப்பித்தனர். உத்தியோகம் வேண்டியவர் தங்கள் சபையிற் சேரவேண்டும் என்றும் விதித்தனர். கிறித்தவ அரசின் கீழேயே கிறித்தவர் ஒளிந்து வழிபடும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

இந்நிலையிற்றான், 1651இல் கோவாவிற் பிறந்த யோசேவாஸ் அடிகளார், 1687இல் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். கழுத்திற் செபமாலையை அணிந்து வீடு வீடாகச் சென்று இரந்தார். அம்மாலையைக் கண்டு முகமலர்ந்தவர் எவர் என நோக்கியே தம் மக்களை அறிந்துகொண்டார். சில்லாலையிலே தங்கி, இரவு வேளைகளிற் பூசை நிகழ்த்தினார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர் மக்களைச் சூழ்ந்து சிறைப்பிடித்தபோதும், அடிகளார் அகப்படவில்லை. பின்னர் கண்டியரசனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார்.

1692இற் கண்டி நகரை அடைந்ததும், போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற குற்றச்சாட்டின்பேரிற் சிறையிலடைக்கப்பட்டார். மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் ஐயுற்றதில் வியப்பில்லை. ஒன்றரை நூற்றாண்டாக இத்தீவில் பாதிரியாரின் பின்னே பீரங்கியும் வந்ததன்றோ? அந்த ஐயத்தை அடிகளார் சொல்லால் நீக்க முயலவில்லை. சிறையிற் சிங்களம் கற்றார்; பொறுமையோடு காத்திருந்தார்.

1697இற் கண்டியில் அம்மை நோய் பரவியது. மன்னனும் பிரபுக்களும் நகரை விட்டகன்றனர். நோயுற்றோரை உறவினரே காட்டிற் கைவிட்டனர். அடிகளார் அவர்களைத் தேடிச் சென்று, மதவேற்றுமை பாராது உணவும் மருந்தும் அளித்தார். இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார். அரசின் ஐயம் அப்போது அகன்றது. பௌத்த மன்னன் தன் நாட்டிற் கத்தோலிக்க மதத்தைப் போதிக்க அவருக்கு இடமளித்தான்.

இங்கு நாம் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அடிகளார் ஒல்லாந்தரின் சட்டத்தை மீறினார். ஆனால் கலகம் மூட்டவில்லை. கண்டியரசனின் ஆதரவைப் பெற்றார். ஆனால் அதனை ஆயுதமாக்கிப் பிறரை வருத்தவில்லை. வழிபாட்டைக் கைவிடு என்று அரசு கட்டளையிட்ட இடத்திலே பணிய மறுத்தார். மறுத்ததன் துன்பத்தைத் தாமே ஏற்றார்.

1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் அவர் கண்டியில் உயிர்நீத்தார். மன்னரின் ஆதரவும் நிலைக்கவில்லை. ஸ்ரீ விஜயராஜசிங்கன் ஆட்சியில் (1739–1747) கத்தோலிக்கக் குருமார் கண்டியினின்றும் வெளியேற்றப்பட்டனர். 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி ஒழிந்தபின், உத்தியோகத்துக்காகச் சபைப் பேரேட்டிற் பெயர் பதிந்திருந்தோர் பலர் கலைந்துபோயினர். இரவில் ஒளிந்து கூடியவர்களின் வழித்தோன்றல்களோ கலையவில்லை. 1806இல் ஆங்கிலேய அரசு அவர்களுக்கு மதச் சுதந்திரம் வழங்கியபோது, பகல் வெளிச்சத்திலே வழிபட அவர்கள் இருந்தார்கள். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், கொழும்புக் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

அரசின் நிழல் இனியதுதான். ஆனால் பொழுது சாயச் சாய நிழல் இடம்மாறும். நிழலை நம்பி நட்ட பயிர் அதன்பின் வாடும். மன்னனுக்கு வரியையும் மரியாதையையும் குறையாது செலுத்துக. மனச்சான்றை மட்டும் அவன் கையில் ஒப்படையாதொழிக. எந்தச் சமயத்தவருக்கும் இது பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.