வானூர்தியில் சாளர இருக்கைத் தேர்வு

சாளர இருக்கை என்பது பயணிகள் வானூர்தியில் பக்கச் சுவரை ஒட்டி அமைந்த இருக்கை ஆகும். வெளிக்காட்சியைக் காண விரும்புவோர் இதனை நாடுகின்றனர். ஆயினும் சாளரம் கிடைத்தால் மட்டும் காட்சி கிடைத்துவிடாது. பறக்கும் திசை, சூரியனின் நிலை, இறக்கையின் இடம் ஆகிய மூன்றும் அதனைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் முதன்மையானது திசை. இறக்கை மறைத்தாலும் ஓரளவு காணலாம். தவறான பக்கத்தில் அமர்ந்தவர் எதையும் காண இயலாது.

இருக்கை எழுத்துகள்

ஒற்றை நடைவழி கொண்ட போயிங் 737, ஏர்பஸ் ஏ320 ஆகியவற்றில், முன்னோக்கி அமர்ந்த நிலையில் இடக்கோடி இருக்கை 'ஏ' எனவும் வலக்கோடி இருக்கை 'எஃப்' எனவும் குறிக்கப்படுகின்றன. இரட்டை நடைவழி வானூர்திகளில் வலக்கோடி பெரும்பாலும் 'கே' ஆகும்.

பக்கத் தேர்வு

தில்லி - காட்மாண்டு வழித்தடம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 800 கி.மீ நீளமுள்ள இவ்வழியில் வானூர்தி கிழக்கு, தென்கிழக்குத் திசையில் கங்கைச் சமவெளியின் மீது பறக்கிறது. இமயமலை வடக்கே இருப்பதால் அது இடப்பக்கத்தார்க்கே தெரியும். தௌலகிரி (8,167 மீ), அன்னபூர்ணா (8,091 மீ), மனாசுலு (8,163 மீ) ஆகிய சிகரங்கள் இப்பக்கம் வரிசையாக வருகின்றன. வலப்பக்கத்தார்க்குச் சமவெளி மட்டுமே. திரும்பும் பயணத்தில் பக்கம் மாறிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். போகும்போது 'ஏ' எனில் வரும்போது 'எஃப்'. காட்மாண்டுவில் இறங்க இடமின்றி வானூர்தி வட்டமிடும்போது மட்டும் இரு பக்கத்தார்க்கும் மாறி மாறி மலை தெரியக்கூடும்.

35,000 அடி (சுமார் 10.7 கி.மீ) உயரத்திலிருந்து தொடுவானம் கணக்கின்படி சுமார் 370 கி.மீ தொலைவில் உள்ளது. உயர்ந்த சிகரங்கள் அதற்கு அப்பாலும் தலைகாட்டலாம். நடைமுறையில் தூசியும் மூட்டமும் இவ்வெல்லையைக் குறைக்கின்றன. சூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவமழைக் காலத்தில் சிகரங்கள் பெரும்பாலும் முகிலில் மறைந்திருக்கும்.

சூரியன்

கடகக் கோட்டுக்கு வடக்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கிலேயே இருக்கும். எனவே வடக்கு நோக்கிய சாளரத்தில் கண் கூசுவதில்லை. காட்சியின் மீது ஒளி நேராக விழுகிறது. தெற்குச் சாளரத்தில் பலகத்தின் கீறல்களே ஒளிர்ந்து பார்வையைக் கெடுக்கும். மலை மறைந்த நாளிலும் சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தார்க்கு ஓர் ஆறுதல் உண்டு: கீழே முகில் பரப்பின் மீது வானூர்தியின் நிழலைச் சுற்றி வண்ண ஒளிவளையம் தோன்றக்கூடும்.

இறக்கை

இறக்கைக்கு நேர் மேலுள்ள வரிசைகளில் நிலம் மறைந்துவிடும். இறக்கைக்குச் சற்றே பின்னுள்ள வரிசைகளில் பொறியின் வெப்ப வளி காரணமாகக் காட்சி நெளியும். ஆகவே இறக்கைக்கு முன்னுள்ள வரிசைகள் சிறந்தவை, அவை கிடைக்காவிடில் வாலை ஒட்டியவை. ஏடிஆர் 72 போன்றவற்றில் இறக்கை உடலின் மேற்புறம் உள்ளதால் கீழ்க்காட்சி மறைவதில்லை. எனினும் முன்வரிசைகள் சிலவற்றில் சுழல்விசிறி குறுக்கிடும்.

போயிங் 737 வகையில் குளிரூட்டிக் குழாய் செல்லும் இடத்தில் ஒரு வரிசைக்குச் சாளரமே இராது. அங்கு அமர்பவருக்குச் சாளர இருக்கைக்கான கட்டணத்தில் கிடைப்பது வெறும் சுவரே. முன்பதிவின்போது இருக்கை வரைபடத்தைப் பார்த்து இதனைத் தவிர்க்கலாம்.

ஒளிப்படம் எடுப்போர் முனைவாக்க வடிகட்டியைக் கழற்றிவிடுதல் நன்று. சாளரத்தின் அக்ரிலிக் பலகத்தோடு சேரும்போது அது படத்தில் வானவில் நிறப் பட்டைகளை உண்டாக்கும்.