திரும்பும் உரிமை: மலையகத் தோட்டத் தொழிலாளரும் பயணப் பத்திரங்களும்

மலையகத் தமிழரின் பிரசாவுரிமைப் பிரச்சினையை ஆராய்ந்தோர் பெரும்பாலும் வாக்குரிமை இழப்பையே முதன்மைப்படுத்தி எழுதியுள்ளனர். நாடாளுமன்ற அரசியலின் நோக்கில் அது பொருத்தமானதே. எனினும் அச்சட்டங்கள் லயக் காம்பராக்களின் உள்ளே எவ்வாறு உணரப்பட்டன என்பதை அறிய வேறொரு வாயிலும் உண்டு. கடல் கடந்து உள்ள தாயையோ தமையனையோ பார்த்துவிட்டுத் திரும்புவதற்குத் தேவைப்பட்ட பத்திரமே அது. உறவைப் பேணும் பொருட்டு மேற்கொள்ளப்பட்ட பயணம், காலப்போக்கில், பயணியின் நாடு எது என்பதற்கான சாட்சியமாக அவருக்கு எதிராகவே திருப்பப்பட்டது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் தொழிலாளரின் பயணத்திற்குப் பத்திரம் இல்லாமலிருந்தது என எண்ணுதல் தவறு. அன்று பத்திரம் இருந்தது. அதன் உரிமையாளர் தோட்ட முதலாளியாக இருந்தார். இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ‘டின் டிக்கற்’ முறையின்கீழ், எந்தத் தோட்டத்திற்கு உரியவர் என்பதைக் காட்டும் இலக்கம் பொறித்த தகர வில்லையுடன் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மண்டபம் முகாமில் நோய்த்தடைக் காவலில் தங்கிய பின்னரே அவர்கள் தலைமன்னாருக்கு ஏற்றப்பட்டனர். தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுதற்குத் ‘துண்டு’ என்னும் விடுகைச் சீட்டு வேண்டியிருந்தது. கடன் தீராதவரைத் துண்டு கிடையாது. 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. இவ்விரு சீட்டுகளும் உழைப்புச் சக்தி யாருக்குச் சொந்தம் என்பதைக் காட்டினவேயன்றி, மனிதர் எந்நாட்டுக்கு உரியவர் என்பதைக் காட்டவில்லை. அக்காலத்தில் இரு கரைகளும் ஒரே பேரரசின் கீழ் இருந்தமையால் அவ்வினா எழ வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்–தனுஷ்கோடிக் கப்பல் சேவையும் தொடங்கப்பட்டதும் இரு கரைகளும் மேலும் நெருங்கின. அட்டனில் புகைவண்டி ஏறிய குடும்பம் பொல்காவலையில் வடக்குப் பாதைக்கு மாறி, மதவாச்சி வழியாகத் தலைமன்னார்த் துறையை அடைந்து, அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடிக்குச் சென்றது. திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலுள்ள ஊர்களுக்கும் டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களுக்கும் இடையே திருமணமும் சாவும் குலதெய்வப் பொங்கலும் இடையறாத போக்குவரத்தை உண்டாக்கின. கொழுந்து பறித்த பெண் தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு சென்று, பிள்ளையுடன் மீள்வது இயல்பான வழக்கமாயிருந்தது. இவ்வழக்கம் பின்னர் எத்தகைய விலையைக் கோரியது என்பதைக் கீழே காண்போம்.

முதல் முறிவு 1939இல் நேர்ந்தது. இலங்கை அரசு இந்தியத் தினக்கூலி ஊழியரை வேலை நீக்கம் செய்ய முற்பட்டபோது, இந்திய அரசு அவ்வாண்டு ஓகஸ்ட் 1 முதல் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடைசெய்தது. இத்தடை தொழிலாளரின் நலன் கருதி விதிக்கப்பட்டதாயினும், ஊருக்குப் போனால் வேலைக்குத் திரும்ப முடியுமா என்னும் அச்சத்தை முதன்முறையாக லயங்களில் விதைத்தது அதுவே.

சுதந்திரத்தின் பின் நிலைமை அடிப்படையில் மாறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 7,80,000 பேராக இருந்த இந்தியத் தமிழருட் பெரும்பான்மையோர் இதனால் எந்நாட்டுக் குடிகளும் அல்லாதோராயினர். சரியாக இருபத்தைந்து நாட்களின் பின், டிசம்பர் 10இல், ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனத்தை ஏற்றது. எந்நாட்டையும் விட்டுச் செல்லவும் தன் நாட்டிற்குத் திரும்பி வரவும் ஒவ்வொருவருக்கும் உரிமையுண்டு என அதன் 13ஆம் உறுப்புரை கூறுகின்றது. ‘தன் நாடு’ என்னும் அச்சொற்களே தோட்டத் தொழிலாளரிடமிருந்து பறிக்கப்பட்டிருந்தன என்பது நோக்கற்பாலது.

1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1 முதல் செயற்படலாயிற்று. அதன்படி பிரசைகள் அல்லாதோர் நாட்டினுள் நுழைவதற்கு அனுமதி வேண்டும். இந்நாட்டில் பிறந்து வளர்ந்தவரும் பிரசை அல்லாதவராயின் அந்நியரே. இவ்வகையினருக்கெனக் கிடைத்த அனுமதிகளுள் முக்கியமானது தற்காலிக வதிவிட அனுமதிப் பத்திரமாகும். இங்கு ‘தற்காலிக’ என்ற சொல் வெறும் அலுவலக வழக்கு அன்று. மூன்று தலைமுறையாக ஒரே மலையில் வாழ்ந்தவர், தாயின் சாவுக்குச் சென்று மீள வேண்டுமாயின், தம்மைத் தற்காலிக வாசி என ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இதே வேளையில் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் அதற்கு நேரெதிரான ஒன்றைக் கோரியது. 1946 ஜனவரி 1க்கு முன்னர், மணமானவராயின் 7 ஆண்டுகளும் மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் இடையறாது வசித்திருத்தல் வேண்டும். விண்ணப்பிக்கும் நாள்வரை அவ்வதிவு தொடர்ந்திருத்தலும் வேண்டும். தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்பட வெளிநாட்டில் தங்கியிருப்பின் வதிவு அறுபட்டதாகக் கொள்ளப்படும். விண்ணப்பதாரரின் மனைவியும், அவரிற் தங்கிய இளம்பிள்ளைகளும் இடையறாது வதிந்திருத்தல் வேண்டும் என்பதும் நிபந்தனை. மனைவி திருமணம் நடந்து ஓராண்டிற்குள்ளும், பிள்ளை பிறந்து ஓராண்டிற்குள்ளும் இலங்கையில் வதியத் தொடங்கியிருக்க வேண்டும்.

தலைப்பிரசவத்திற்குச் சென்ற பெண் உடல்நலமின்மையாலோ, கையில் பணமின்மையாலோ பிள்ளையுடன் ஓராண்டு கடந்து திரும்பினாளாயின், அட்டனை விட்டு ஒருநாளும் அகலாத கணவனின் விண்ணப்பமே நிராகரிப்புக்கு உரியதாயிற்று. தாய்மையும் மரபும் கூடி நிகழ்த்திய ஒரு பயணம், முழுக் குடும்பத்தின் நாட்டையும் தீர்மானித்தது. சட்டத்தை வகுத்தோர் தோட்ட மக்களின் பண்பாட்டை அறியாது இவ்வாறு செய்தனர் என்பது போதிய விளக்கமன்று. உறவின் திசையைக் கொண்டு பற்றுறுதியை அளக்கலாம் என்னும் கருத்தே இச்சட்டத்தின் உட்கிடை. இதே அளவுகோல் இலண்டனுக்குச் சென்று வந்த தோட்டத்துரைக்கோ, அங்கு பிள்ளைகளைப் படிக்கவைத்த உள்நாட்டு மேட்டுக்குடியினருக்கோ பிரயோகிக்கப்படவில்லை என்பதும் கருதற்குரியது.

விண்ணப்பத்திற்குரிய இரண்டாண்டுக் காலம் 1951 ஓகஸ்ட் 5இல் முடிவுற்றது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. அவற்றின்கீழ்ப் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. ஏனையோரில், ஊர் சென்று வர வேண்டிய தேவை நெருக்கியோருக்குக் கண்டியிலிருந்த இந்திய அலுவலகத்தின் கதவு திறந்திருந்தது. இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்புரையின்கீழ்ப் பதிந்து கடவுச்சீட்டுப் பெறலாம். ஆயின் அப்பதிவு, இலங்கையில் நிலையாக வாழும் எண்ணம் இல்லை என்பதற்குச் சான்றாகிவிடும். பத்திரம் பெற்றவர் திரும்பும் உரிமையை இழந்தார். பெறாதவர் செல்லும் வாய்ப்பை இழந்தார். இவ்விரண்டிற்கும் இடையில் அகப்பட்டு, பத்திரமின்றிப் படகேறியவருக்குக் ‘கள்ளத்தோணி’ எனப் பெயரிடப்பட்டது. படகேறாதவரையும் அப்பெயரே தொடர்ந்தது.

நாடற்றோருக்குப் பயணப் பத்திரம் வழங்குதல் உலகம் அறியாத புதுமையன்று. 1922 முதல் ரஷ்ய அகதிகளுக்கு நான்சன் கடவுச்சீட்டு வழங்கப்பட்டது. நாடற்றோரின் அந்தஸ்துப் பற்றிய 1954ஆம் ஆண்டு உடன்பாட்டின் 28ஆம் உறுப்புரை, சட்டபூர்வமாக வாழும் நாடற்றோருக்குப் பயணப் பத்திரம் வழங்கும் கடமையை உறுப்பு நாடுகள்மீது சுமத்தியது. அப்பத்திரம் செல்லுபடியாகும் காலத்தில் அதை வழங்கிய நாட்டிற்குள் மீள நுழையும் உரிமையையும் அவ்வுடன்பாடு உறுதிசெய்தது. இலங்கையும் இந்தியாவும் இதில் இணையவில்லை.

மாறாக, 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என முடிவாகியது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மக்களின் கருத்துக் கேட்கப்படவில்லை. இலங்கைப் பிரசாவுரிமை கோரியோர் அதற்கென ஒதுக்கப்பட்ட தொகையின் இரு மடங்கையும் கடந்தனர் என்பதே அவர்தம் கருத்தைப் புலப்படுத்தும். இப்போது கடவுச்சீட்டின் பொருள் தலைகீழாயிற்று. முன்னர் அது திரும்பி வருவதற்காக வேண்டப்பட்டது. இனி அது திரும்பாமற் போவதற்காக வழங்கப்பட்டது.

இதன் விளைவாக ‘வெளிநாட்டு உறவினர்’ என்போரும் மாறினர். முன்பு கடலுக்கு அப்பால் இருந்தோர் பாட்டனும் பாட்டியும் ஆவர். இப்போது உடன்பிறந்தாரும் பெற்ற பிள்ளைகளும் அங்கிருந்தனர். தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. நுவரெலியாவில் கொழுந்து கிள்ளிய விரல்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் அதையே செய்தன. ஒரே குடும்பம் இரு மலைகளில், இரு கடவுச்சீட்டுகளின் கீழ் வாழலாயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின் இராமேஸ்வரத்திலிருந்து நடைபெற்ற கப்பல் சேவையும் 1984இல் நின்றது. கூலியுழைப்பால் வாழ்வோருக்கு எட்டாத வானூர்தியே பின்னர் எஞ்சியது.

1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையைச் சட்டப்படி நீக்கின. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் இலங்கையிலேயே தங்கிவிட்டோர் பிரகடனம் ஒன்றின்மூலம் பிரசைகளாவதற்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. பழைய கடவுச்சீட்டு ஒருவரின் மனத்தைக் காட்டும் சான்றன்று என்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்ள அரை நூற்றாண்டு சென்றது. இவ்வுரிமை அளிக்கப்பட்டதன்று, தொழிற்சங்கப் போராட்டங்களாலும், 1977க்குப் பின் வளர்ந்த நாடாளுமன்றப் பலத்தாலும் ஈட்டப்பட்டதாகும்.

ஆயினும் பிரிக்கப்பட்ட குடும்பங்களைச் சட்டம் மீள ஒன்றுசேர்க்கவில்லை. அவற்றின் வரலாறு அரச ஆவணக் காப்பகங்களில் மட்டும் இல்லை. லயங்களின் தகரப் பெட்டிகளில் மடித்து வைக்கப்பட்டுள்ள காலாவதியான கடவுச்சீட்டுகளிலும், நிராகரிப்புக் கடிதங்களிலும், நிழற்படம் ஒட்டிய அனுமதிப் பத்திரங்களிலும் அது சிதறிக் கிடக்கின்றது. ஈரமும் கறையானும் அவற்றை ஆண்டுதோறும் அழித்து வருகின்றன. அவற்றைத் தொகுத்துப் படியெடுப்பதும், வைத்திருப்போரின் வாய்மொழியைப் பதிவுசெய்வதும் மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த தலைமுறையின் உடனடிப் பணியாகும்.