டீ ட்ரே விரிப்பில் ஒரு துரைசாணி

எண்பதுகள்ல பள்ளிக்கூடத்துல தையல் வகுப்பு இருந்தவங்களுக்கு இந்த டிசைன் தெரிஞ்சிருக்கும். கூரை வேய்ந்த சின்ன வீடு, வாசல்ல ஆளுயர ஹாலிஹாக் பூக்கள், பக்கத்துல பாவாடை குடை மாதிரி விரிஞ்ச ஒரு துரைசாணி. கார்பன் தாள் வெச்சுத் துணியில இறக்கி, வீட்டுக்குச் சங்கிலித் தையல், பூவுக்கு லேசி டெய்சி, நடுவுல பிரெஞ்சு நாட். எங்க ஏர்வாடியில (நெல்லை ஏர்வாடி இல்லீங்க, இராமநாதபுரம் தர்கா ஏர்வாடி) கண்ணுக்குத் தெரியுறதெல்லாம் பனையும் உடைமரமும்தான். ஆனா எங்க லாத்தா போட்ட டீ ட்ரே விரிப்புல ஹாலிஹாக் கொத்துக் கொத்தாப் பூத்திருக்கு :)

வெள்ளைக்கார மோகம்னு சிரிச்சுட்டுப் போயிடலாம்தான். எனக்கு அது போதல. இந்த ஊசிக்கு நம்ம தெற்குச் சீமையில இருநூறு வருஷக் கதை இருக்கு.

1819-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் நாகர்கோவில் வந்தாங்க. மார்த்தா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அங்கேயே லேஸ் பின்னவும் கத்துக்கொடுத்தார். திண்டு மாதிரி ஒரு தலையணை, அதுல வரிசையா குண்டூசி, நூல் சுத்தின சின்னச் சின்ன மரக்குச்சிகள். அந்தக் குச்சிகளை மாத்தி மாத்திப் போட்டுப் பின்னணும். (இது துணி மேல பூப்போடுறது இல்ல, நூலையே பூவாக்குறது. எம்பிராய்டரி பின்னாடி வந்து சேர்ந்துச்சு.) வாங்கினது வெள்ளைக்காரக் குடும்பங்கள். அந்தக் காசுல பள்ளி நடந்துச்சு. அதைவிடப் பெரிய விஷயம், திருவிதாங்கூர்ல அப்போ அடிமை முறை இருந்தது. லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கட்டித் தங்களையே மீட்டுக்கிட்ட அடிமைப் பெண்கள் உண்டு. அரசு அடிமை முறையை ஒழிச்சது 1855-ல்தான். இவங்க அதுக்கு முன்னாடியே ஊசியாலயும் நூலாலயும் வெளியே வந்துட்டாங்க.

ஆனா யாரோ ஒரு சீமாட்டியோட கழுத்துக்கு லேஸ் பின்னின அதே சமூகத்துப் பெண்கள், தங்க மேல ஒரு துணி போட்டுக்கத் தோள்சீலைப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. 1859-ல் அரசாணை வந்தது, அதுவும் ஆயிரம் நிபந்தனையோட.

மால்ட் தம்பதியோட மகள் எலைசா. 1844-ல் அவர் கல்யாணம் பண்ணிக்கிட்டது நம்ம கால்டுவெல்லை. அம்மாகிட்ட கத்துக்கிட்ட லேஸ் வேலை, எலைசா கூடவே தேரிக்காட்டு இடையன்குடிக்கும் போச்சு. 1856-ல் வந்த ஒப்பிலக்கணம் பத்திப் பக்கம் பக்கமா எழுதுற நாம எலைசாவை விட்டுடறோம். அவர்கிட்ட கத்துக்கிட்டுப் பனையேறிக் குடும்பத்துக்குக் கூலி கொண்டுபோன பெண்கள் பேரோ, கேக்கவே வேணாம்.

அந்தக் குடிசைத் தோட்டத்துக்கும் ஊசிக்கும்கூட ஒரு உறவு உண்டு. இங்கிலாந்துல அந்தத் தோட்டப் பாணியைப் பிரபலமாக்கினவங்கள்ல ஒருத்தர் கெர்ட்ரூட் ஜீக்கில் (1843-1932). அந்தம்மா முதல்ல ஓவியமும் பூத்தையலும்தான் செஞ்சாங்க. கண்பார்வை மங்கினதும் மண்ணுல பூப்போட ஆரம்பிச்சாங்க.

டீக்கு வர்றேன். சாயங்கால டீ விருந்து, 1840-கள்ல பெட்ஃபோர்ட் சீமாட்டி ஆனா தொடங்கினதுன்னு சொல்வாங்க. அப்போ தேயிலை பெரும்பாலும் சீனச் சரக்கு. இலங்கையில ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டது 1867-ல். 1869-ல் காப்பியில நோய் விழுந்தது. அதுக்கப்புறம் மலை முழுக்கத் தேயிலை. கொழுந்து பறிக்கப் போனவங்கள்ல எங்க இராமநாதபுரம் சீமை ஜனங்களும் உண்டு. 1914-ல் பாம்பன் பாலமும் தலைமன்னார் கப்பலும் வந்தப்புறம், எங்க ஊருக்குக் கிழக்கே மண்டபம் முகாம்ல நோய் இருக்கான்னு பார்த்து, நிறுத்தி வெச்சு அனுப்பினாங்க. 1964 ஒப்பந்தப்படி இந்தியா ஏத்துக்கச் சம்மதிச்சது 5,25,000 பேரை. தலைமுறை கடந்து, இராமேஸ்வரம் கப்பல்லயே திரும்பி வந்தாங்க. பிறகு 1983 கலவரத்துக்கப்புறம் அதே மண்டபம் ஈழ அகதிகளுக்கும் முகாமாச்சு.

லாத்தாவோட விரிப்புல வீடு இருக்கு, பூ இருக்கு, டீக்கோப்பையும் இருக்கு. கொழுந்துக் கூடை போட்ட டிசைன் மட்டும் இன்னும் என் கண்ணுல படல.