ஒத்திசைவு

ஒத்தல் என்றால் சமமாதல். இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் குழலுக்கும் ஒத்து என்றே பெயர். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கூரையில் சோலர் பூட்டிய வீட்டில் ஒத்திசைவு என்ற சொல்லின் வேலையைப் பார்க்கலாம்.

சோலர் தகடு தருவது நேரோட்டம். இன்வேர்ட்டர் அதை ஆடலோட்டமாக மாற்றினால் மட்டும் போதாது. லைனின் 230 வோல்ட்டு, செக்கனுக்கு 50 சுற்று என்ற அதிர்வெண், அலை ஏறி இறங்கும் கணம் மூன்றும் ஒத்துவந்த பிறகே இணையும். லைன் கரண்ட் போனால் உடனே விலகிவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிர்க்காப்பு அது. பற்றரி இல்லாத சோலர் வீட்டில் கொளுத்தும் வெயிலிலும் மின்விசிறி நிற்பது இதனால்தான், பழுதால் அல்ல.

ஆனால் இந்த இசைவு ஒருபக்கமானது. சாதாரண இன்வேர்ட்டர் லைனைப் பின்பற்றுமே தவிர, அதைத் தாங்கிப்பிடிக்காது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பட்டு நாடு முழுதும் மின்சாரம் போனது. சோலர் மிகுந்து, சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைந்திருந்த நேரம் என்பதால், லைனின் அதிர்வெண் நிலைகுலைந்தது. அதே நிலை திரும்பாதிருக்க, அந்த ஆண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலரைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது.